செல்ஃப் நல்லா சுத்துது, வண்டி மட்டும் எடுக்க மாட்டேங்குது (150சிசி எஃப்ஐ பிஎஸ்6) – ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) போச்சுன்னு சொல்றாங்க, உண்மையா?

சாரல்காத்து:

அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு தென்காசி பக்கம். 2021 மாடல் 150சிசி எஃப்ஐ (கார்புரேட்டருக்கு பதிலா இன்ஜெக்டர் பெட்ரோல பீச்சுற வகை) வண்டி, கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். வேலை விஷயமா வெளியூர் போயிட்டு சாரல் சீசன் முடியுற நேரத்துல தான் ஊருக்கு வந்தேன், அதுவரைக்கும் வண்டி வீட்டு முன்னாடி தகரக் கொட்டகைல சும்மாவே நின்னுச்சு. மேல நனையாது, ஆனா எங்க ஊரு சாரல் நேராவா விழும், காத்தோட சேந்து பக்கவாட்டுல அடிக்கும், கவர் போட்டிருந்தும் சீட்டுக்கு அடியில எல்லாம் ஈரம் தான்.

வந்து சாவி போட்டேன், மீட்டர் வருது, ஹார்ன் அடிக்குது, இண்டிகேட்டர் எரியுது. பட்டன அமுக்குனா செல்ஃப் கரகரன்னு நல்லாவே சுத்துது, ஆனா ஒரு தடவ கூட பிடிக்கல, பிடிக்கிற மாதிரி ஒரு டப்னு சத்தம் கூட இல்ல. டேங்க்ல பாதிக்கு மேல பெட்ரோல் இருக்கு.

பக்கத்து பட்டறை அண்ணாச்சி வந்து பாத்தாரு. ப்ளக் கழட்டுனாரு, காஞ்சு போயி இருக்கு, என்ஜின்ல வச்சு செல்ஃப் போட்டா கரண்டும் வரல. ஃபியூஸ் எல்லாத்தையும் உருவிப் பாத்தாரு ஒண்ணும் போகல, மல்டிமீட்டர் வச்சா ஈசியூ ஃபியூஸ்ல 12 வோல்ட்டுக்கு மேல காட்டுது. த்ராட்டில் பாடி (என்ஜினுக்கு காத்து போற வழி) பக்கம் ரெண்டு மூணு கப்ளர் (வயர் கனெக்டர்) கழட்டி ஊதி மாட்டுனாரு. கடைசில "கரண்ட் உள்ள போகுது தம்பி, போன கரண்ட் வெளிய வரலன்னா ஈசியூ தான் போச்சு"ன்னுட்டாரு. ஈசியூ பன்னெண்டாயிரம் கிட்ட வருமாம், ஆர்டர் போடணும் முன்பணம் குடுன்னு கேக்குறாரு. அவரு ஏமாத்துற ஆளு இல்ல, எங்கப்பா காலத்துல இருந்தே அவருகிட்ட தான் வண்டி விடுறோம், ஆனா பன்னெண்டாயிரம்னா கை நடுங்குது. வேற எதாவது பாக்க முடியுமா?

பன்னெண்டு வோல்ட்:

மொதல்ல பேட்டரி நண்பா. செல்ஃப் சுத்துதுன்னா பேட்டரி நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, கார்புரேட்டர் வண்டில வேணா அப்படி சொல்லலாம். எஃப்ஐல செல்ஃப் மோட்டார் கரண்ட இழுக்குற அதே நேரத்துல ஈசியூவுக்கும் ஃப்யூல் பம்புக்கும் காயிலுக்கும் வோல்டேஜ் போயாகணும். சும்மா இருக்கும்போது 12.6 காட்டுனா ஃபுல் சார்ஜ், 12.0 கிட்ட வந்துட்டா ஏறக்குறைய காலி. அத விட முக்கியம் பட்டன அமுக்கி சுத்தும்போது எவ்ளோ இறங்குதுன்னு பாக்குறது. பத்துக்கு மேல நின்னா கவலை இல்ல, ஒன்பதரைக்குக் கீழ விழுந்தா செல்ஃப் சுத்தும் ஆனா ஈசியூ ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வரும், வண்டி எடுக்காது. இத பாக்காம ஈசியூக்கு காசு குடுக்காதீங்க. கில் சுவிட்ச் (ஹேண்டில்ல என்ஜின நிறுத்துற சுவிட்ச்) கூட பாருங்க, சிரிக்காதீங்க, சில வண்டில கில் சுவிட்ச் ஆஃப்ல இருந்தா செல்ஃபே சுத்தாது ஆனா எல்லா வண்டிலயும் அப்படி கிடையாது.

பங்க் ஓரம்:

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) தான் ப்ரோ காரணம், கண்ண மூடிட்டு சொல்லலாம். 2023 பிப்ரவரில இ20 ஆரம்பிச்சாங்க, இப்ப எந்த பங்க்ல போட்டாலும் அதான் வருது. எத்தனால் ஈரத்த இழுக்கும், டேங்க் பாதி காலியா மழைக்காலத்துல நின்னா உள்ள இருக்குற காத்துல உள்ள ஈரம் பெட்ரோல்ல இறங்கும், ஒரு அளவுக்கு மேல போனா தண்ணியும் எத்தனாலும் சேந்து பிரிஞ்சு கீழ தங்கிடும். ஃப்யூல் பம்ப் உக்காந்திருக்குறதும் டேங்க் அடியில தான், அப்ப மொதல்ல உறிஞ்சறது தண்ணிய தான். டேங்க் இறக்கி சுத்தமா கழுவு, பம்ப் ஸ்ட்ரெய்னர மாத்து, வண்டி எடுக்கும்.

டெஸ்ட்லேம்ப்:

மதுரையில ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை தான் பாக்குறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க தம்பி.

எஃப்ஐ வண்டி எடுக்கலன்னா ஸ்பேனர கையில எடுக்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. சாவிய போட்டுட்டு பட்டன தொடாதீங்க. சும்மா ரெண்டு மூணு செகண்ட் மீட்டர பாருங்க, காத டேங்க் பக்கம் வைங்க. தெருவுல சத்தமா இருந்தா ராத்திரி பாருங்க. அந்த நேரத்துல ரெண்டு விஷயம் நடக்கணும். மஞ்ச கலர்ல செக் என்ஜின் லைட் எரியணும், சில வண்டில கொஞ்ச நேரத்துல அணையும் சில வண்டில என்ஜின் ஸ்டார்ட் ஆகுற வரைக்கும் நிக்கும், அது வண்டிக்கு வண்டி மாறும், ஆனா சாவி போட்ட உடனே எரிஞ்சே ஆகணும். ரெண்டாவது டேங்க் உள்ள இருந்து ஙொய்ங்னு ஒரு சத்தம் வந்து நிக்கணும், அது பம்ப் லைன்ல பிரஷர் ஏத்துற சத்தம், நம்ம ஊரு வண்டிங்கள்ல பெரும்பாலும் 3 பார் கிட்ட ஏத்தும்.

லைட்டும் எரிஞ்சு பம்ப் சத்தமும் வந்தா ஈசியூ உயிரோட இருக்கு, அப்ப பெட்ரோல், ப்ளக், காயில், க்ராங்க் சென்சார்னு போகலாம். லைட் எரியுது பம்ப் மட்டும் சத்தம் இல்லன்னா பம்ப் ரிலே, பம்ப் கப்ளர், பம்ப் மோட்டார், அப்புறம் வண்டி சாஞ்சா ஆஃப் பண்ற டில்ட் சென்சார். வண்டி எப்பவாவது கீழ விழுந்துருந்தா சாவிய ஆஃப் பண்ணி திரும்பப் போட்டாதான் அந்த சென்சார் விடும், இது தெரியாம நடுரோட்டுல உக்காந்து செல்ஃப போட்டு பேட்டரிய காலி பண்ணவங்க நிறைய பேரு. லைட்டும் வரல சத்தமும் வரலன்னா ஈசியூவுக்கு சாப்பாடு போகல, இல்ல எர்த் இல்ல. ஈசியூவே செத்துப் போறது இதுக்கெல்லாம் அப்புறம் தான் வரும். பேட்டரில பிளஸ் மைனஸ் மாத்தி மாட்டுனவன், பேட்டரி கனெக்‌ஷன கழட்டாம சேஸ்ல வெல்டிங் வச்சவன், ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்டேஜ கட்டுப்படுத்துறது) போயி 16, 17 வோல்ட் ஏறுனத கவனிக்காம ஓட்டுனவன், வெள்ளத்துல முங்குன வண்டிக்கு அப்படியே சாவி போட்டவன், இவங்க வண்டில தான் நான் ஈசியூ செத்து பாத்திருக்கேன். கொட்டகைல சும்மா நின்ன வண்டில ஈசியூ தானா சாகுறது அபூர்வம்.

இப்ப சொல்லுங்க, உங்க வண்டில எது வருது எது வரல?

பழைய கார்புரேட்டர்:

அதுக்குத்தான் சொல்றது கார்புரேட்டர் வண்டிய விக்காதீங்கன்னு. சோக்க இழுத்தமா கிக்கர மிதிச்சமா போனமான்னு இருந்துச்சு. இப்ப ஒரு வண்டி எடுக்கலன்னா வோல்ட் மீட்டரு, லேப்டாப்பு, காது வைக்கணுமாம், கண்ணு வைக்கணுமாம்.

சாரல்காத்து:

@டெஸ்ட்லேம்ப் அண்ணா ரொம்ப நன்றி. ராத்திரி தெரு அடங்குன பிறகு பாத்தேன். மஞ்ச லைட் எரியவே இல்ல. இத்தனை நாளா வண்டி ஓட்டுறேன் அது எரியுமா எரியாதான்னு கவனிச்சதே இல்ல, மீட்டர்ல மத்ததெல்லாம் வருது அதனால தோணல. பம்ப் சத்தமும் இல்ல, ஆனா சாவி போடும்போது சீட்டுக்கு அடியில டிக்னு ஒரு சத்தம் வருது.

@பன்னெண்டு வோல்ட் அண்ணா பேட்டரி 12.4 காட்டுது, செல்ஃப் போடும்போது 10.6 கிட்ட நிக்குது.

வண்டி கீழ எல்லாம் விழல. அண்ணாச்சி வோல்டேஜ் பாத்தப்போ சாவி போட்டிருந்தாரான்னு எனக்கு ஞாபகம் இல்ல.

டெஸ்ட்லேம்ப்:

டிக்னு வர்றது மெயின் ரிலே, ஈசியூவுக்கும் பம்புக்கும் கரண்ட் விடுற சுவிட்ச். அது இழுக்குது, ஆனா அது வழியா போக வேண்டிய கரண்ட் போகல, அதான் லைட்டும் இல்ல பம்பும் இல்ல. கரண்டும் பெட்ரோலும் சேந்தாப்ல ரெண்டுமே நின்னுருக்கு பாத்தீங்களா, அதுவே ஒரு துப்பு. ப்ளக் தனியா காயில் தனியா இன்ஜெக்டர் தனியான்னு எல்லாம் ஒரே ராத்திரில போகாது.

@பங்க் ஓரம் ப்ரோ நீங்க சொல்ற எத்தனால் தண்ணி கதை பொய் இல்ல, நானே டேங்க்ல இருந்து பெட்ரோல எடுத்து வெள்ளை பாட்டில்ல ஊத்தி வச்சா அடியில தனியா கோடு கட்டி நிக்கிறத பாத்திருக்கேன். ஆனா டேங்க்ல தண்ணி இருந்தாலும் சாவி போட்டா மஞ்ச லைட் எரியத்தான் செய்யும். இந்த வண்டிக்கு அது பொருந்தாது.

தம்பி, பட்டறைக்காரர் 12 வோல்ட் பாத்தேன்னு சொல்றது பொய்யா இருக்காது, அவரு பாத்தது உண்மை தான். விஷயம் என்னன்னா மல்டிமீட்டர் கரண்ட இழுக்காது. ஒரு டெர்மினல்ல களிம்பு புடிச்சு மயிர் அளவு ஒட்டிட்டு இருந்தாலே போதும், மீட்டர்ல 12 காட்டிடும். அதுல லோடு ஏறுனா அப்பதான் படுத்துக்கும். சொட்டுச் சொட்டா தண்ணி வர்ற குழாயில வாளி வச்ச மாதிரி. அதுவும் சாவி ஆஃப்ல வச்சு ஃபியூஸ பாத்தா அங்க லோடே கிடையாது, நல்ல வயருக்கும் கெட்ட வயருக்கும் ஒரே நம்பர் தான் வரும்.

இப்ப ஒரு இண்டிகேட்டர் பல்ப எடுங்க, 12 வோல்ட் 10 வாட் இருக்கும், ரெண்டு வயர் இழுத்து டேப் சுத்திக்கோங்க, அவ்ளோதான் டெஸ்ட் லேம்ப். ஒரு வயர பேட்டரி நெகட்டிவ்ல வைங்க. இன்னொண்ண ஃபியூஸ் பாக்ஸ்ல ஒவ்வொரு ஃபியூஸ் முதுகுலயும் தொடுங்க, பிளேடு ஃபியூஸ் மேல ரெண்டு சின்ன ஓட்டை இருக்கும், அதுல இரும்பு தெரியும், ரெண்டுலயும் தொடணும். சாவிய போட்டுட்டு செய்ங்க. மெயின் ஃபியூஸ்ல பளிச்னு எரியும். ஈசியூ ஃபியூஸ்ல அதே மாதிரி எரியுதா, மங்கலா எரியுதா, எரியவே இல்லையா? அதுல தெரிஞ்சிடும்.

ஒரு எச்சரிக்கை, இந்த பல்ப ஃபியூஸ்லயும் பெரிய சப்ளை வயர்லயும் மட்டும் தான் தொடணும். சென்சார் வயர்ல தொட்டுடாதீங்க, அங்க ஈசியூ குடுக்குறது 5 வோல்ட் தான், பல்ப் இழுக்குற இழுவைக்கு நல்லா இருக்குற ஈசியூவும் போயிடும். அங்க மல்டிமீட்டர் மட்டும் தான்.

பல்ப் வேலை பிடிக்கலன்னா மல்டிமீட்டர்லயே ஒரு வழி இருக்கு, சிகப்பு முனைய பேட்டரி பாசிட்டிவ்லயும் கறுப்பு முனைய ஈசியூ ஃபியூஸோட வெளிய போற பக்கத்துலயும் வச்சு சாவி போடுங்க. அரை வோல்ட்டுக்குள்ள காட்டுனா வழி சுத்தம். ரெண்டு, அஞ்சு, பத்துன்னு காட்டுனா அந்த அளவு வோல்டேஜ் வழியிலயே தொலையுதுன்னு அர்த்தம். எர்த்தையும் இதே மாதிரி பாக்கலாம், பேட்டரி நெகட்டிவ்கும் என்ஜினுக்கும் நடுவுல.

ஈசிஆர் பறவை:

குறுக்க வர்றதுக்கு சாரி மக்களே, எனக்கும் இதே ப்ராப்ளம் தான் சேம் டு சேம். சென்னை. காலைல ஒரே டச்சுல எடுக்குது, மாமல்லபுரம் வரைக்கும் போயி டீ குடிச்சுட்டு வந்து செல்ஃப் போட்டா எடுக்காது, அரை மணி நேரம் நிழல்ல விட்டா மறுபடி எடுக்கும். எனக்கும் ஈசியூவா?

டெஸ்ட்லேம்ப்:

சேம் டு சேம் இல்லீங்க, இது வேற நோய். சூட்டுல படுத்து ஆறுனா எழுந்திரிக்கிறது பெரும்பாலும் க்ராங்க் சென்சார், நம்ம பட்டறைல பல்சர் காயில்னோ பிக்கப் காயில்னோ சொல்றது, மேக்னெட் கவருக்கு உள்ள இருக்கும். உள்ள இருக்குற மெல்லிசு கம்பி சூடானதும் விரிஞ்சு விட்டுடும், ஆறுனா மறுபடி ஒட்டிக்கும். அது சிக்னல் குடுக்கலன்னா என்ஜின் சுத்துறதே ஈசியூவுக்கு தெரியாது, ப்ளக்குக்கும் குடுக்காது இன்ஜெக்டருக்கும் குடுக்காது. எடுக்காத அந்த நேரத்துல செல்ஃப் போட்டுட்டே ஆர்பிஎம் பாருங்க, நிறைய வண்டில செல்ஃப் சுத்தும்போது முள்ளு லேசா எழும்பும், இல்ல டிஜிட்டல்ல எதாவது நம்பர் வரும். உங்க வண்டில காலைல அப்படி எழும்பி, சூட்டுல செத்து கெடந்தா கேஸ் முடிஞ்சுது. இல்லன்னா அதோட கப்ளர கழட்டி ரெசிஸ்டன்ஸ் பாருங்க, ஆறுன நேரத்துல ஒண்ணு சூட்டுல ஒண்ணு. எவ்ளோ ஓம்ஸ் இருக்கணும்குறது வண்டிக்கு வண்டி வேற, சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், ஆனா சூட்டுல ஓப்பன்னு காட்டுனா மேனுவலே வேணாம்.

அதே நேரத்துல பம்ப் சத்தமும் கேளுங்க. சில பம்ப் சூட்டுல ஜாம் ஆகும், அதுவும் எப்பவும் ரிசர்வ்லயே ஓட்டுறவங்களுக்கு. பம்ப் மோட்டார் ஆறுறதே சுத்தி இருக்குற பெட்ரோல்ல தான், நூறு ரூவாக்கு போட்டு நூறு ரூவாக்கு போட்டு ஓட்டுனா அது வறுபடும்.

பன்னெண்டு வோல்ட்:

10.6 நின்னா பேட்டரி பிரச்சனை இல்ல, நான் என் கருத்த வாபஸ் வாங்கிக்குறேன் 😄 ஆனா 12.4ங்குறது முழு சார்ஜ் இல்ல, வேலை முடிஞ்சதும் ஒரு தடவ சார்ஜர்ல போட்டுருங்க. அப்புறம் யாராவது வந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணு, கார் பேட்டரில ஜம்ப் பண்ணுன்னு சொல்லுவாங்க, ஈசியூவுக்கே கரண்ட் போகாத வண்டிய தென்காசில இருந்து குத்தாலம் வரைக்கும் தள்ளுனாலும் எடுக்காது.

பங்க் ஓரம்:

சரி ப்ரோ ஒத்துக்குறேன். ஆனா ஏர் ஃபில்டர் பக்கம் கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி செல்ஃப் போட்டா தெரிஞ்சிடும்ல பம்பா கரண்டான்னு?

டெஸ்ட்லேம்ப்:

வேண்டவே வேண்டாம். ப்ளக்ல கரண்ட் இல்லன்னு ஏற்கனவே பாத்தாச்சு, அப்புறம் பெட்ரோல் ஊத்தி என்ன தெரியப் போகுது? திடீர்னு கரண்ட் வந்து பின்னாடி அடிச்சா ஏர் பாக்ஸ் பிளாஸ்டிக் எரியும், கை எரியும். அதே மாதிரி தான் பெட்ரோல் லைன கழட்டிப் பாக்குறதும், கார்புரேட்டர் வண்டி ட்யூப் மாதிரி நினைச்சு உருவிடாதீங்க, உள்ள பிரஷர் நிக்கும், மூஞ்சில பீச்சும். பம்ப் கப்ளர கழட்டிட்டு வண்டி ஓடி தானா அணையுற வரைக்கும் விட்டு அப்புறம் தான் லைன கழட்டணும். எடுக்காத வண்டின்னா துணிய சுத்தி மெதுவா, சூடான என்ஜின் பக்கத்துல செய்யக் கூடாது.

ஃபியூஸ் விஷயத்துலயும் ஒண்ணு. யாராவது சிகரெட் பேப்பர சுத்தி வை, கம்பிய போடு ஓடுதான்னு பாப்போம்னு சொன்னா கேக்காதீங்க. ஃபியூஸ் போகட்டும்னு தான் வச்சிருக்காங்க, அத போகவிடாம பண்ணா வயரிங் முழுக்க போகும்.

சாரல்காத்து:

அண்ணா பாத்துட்டேன்!! அண்ணாச்சியவும் கூட்டிட்டு வந்து வச்சு பாத்தோம், அவருக்கும் இந்த பல்ப் வித்தை புதுசு இல்லயாம், "நான் அந்தக் காலத்துல இதத்தான் பண்ணுவேன், மீட்டர் வந்த பிறகு விட்டுட்டேன்"ன்னு சொல்லிட்டே செஞ்சாரு.

மெயின் ஃபியூஸ்ல பல்ப் பளிச்னு எரிஞ்சுது, ஹெட்லைட் ஃபியூஸ், ஹார்ன் ஃபியூஸ் எல்லாத்துலயும் எரிஞ்சுது. ஈசியூ ஃபியூஸ் ரெண்டு பக்கமும் செத்துக் கெடந்துச்சு. பல்ப எடுத்துட்டு சாவி ஆஃப் பண்ணி மீட்டர் வச்சா அதே இடத்துல 12.3 காட்டுது! அண்ணாச்சி மீட்டர தட்டித் தட்டி பாக்குறாரு.

அப்புறம் ஃபியூஸ் பாக்ஸ கழட்டி கவுத்துப் பாத்தா ஈசியூ ஃபியூஸ் உக்கார்ற சாக்கெட்டுக்கு கீழ வயர் சேர்ற இடத்துல பச்சையா களிம்பு, மேல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, ஃபியூஸ் காலு கூட வெள்ளையா தான் இருக்கு. அந்த டெர்மினல் லாக்க சின்ன ஸ்க்ரூ ட்ரைவரால நெம்பி வெளிய இழுத்தோம், வயர் கையோடயே வந்துடுச்சு, உள்ள செம்பு கருப்பாகி பொடிப்பொடியா கொட்டுது. ஒரு நூலு மட்டும் ஒட்டிட்டு இருந்திருக்கும் போல.

இப்ப என்ன பண்றது, சால்டர் வைக்கலாமா? ஃபியூஸ் பாக்ஸ் முழுசா மாத்தணுமா?

டெஸ்ட்லேம்ப்:

வந்துச்சா 👍 ஃபியூஸ் பாக்ஸ் முழுக்க மாத்த வேண்டாம், அந்த ஒரு டெர்மினல் போதும். பழைய டெர்மினல எடுத்துட்டு எலக்ட்ரிக்கல் ஸ்பேர்ஸ் கடைல அதே மாதிரி கேளுங்க, சில்லறை காசு தான். வயர கருப்பு இல்லாத செம்பு வர்ற வரைக்கும் வெட்டுங்க, சும்மா மேல சொறிஞ்சுட்டு மாட்டுனா அடுத்த சாரலுக்கு மறுபடி இங்க வந்து கேப்பீங்க. வயர் பத்தாம போனா அதே தடிப்புல ஒரு துண்டு ஜாயின்ட் போடுங்க. சால்டர விட க்ரிம்ப் பண்றது (டெர்மினல வயர் மேல நசுக்கி பிடிக்க வைக்கிறது) தான் நல்லது, அதுக்குன்னு ப்ளையர் இருக்கு, சாதா கட்டிங் ப்ளையர்ல நசுக்குனா அதிர்வுல கழண்டுடும். ஜாயின்ட்ல ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடுங்க.

வேலை பாக்குறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ கழட்டிடுங்க. முடிச்சுட்டு பக்கத்து சாக்கெட்டையும் பாருங்க, ஒண்ணுல களிம்பு வந்தா அடுத்ததும் லைன்ல நிக்கும். கான்டாக்ட் கிளீனர் அடிச்சு காயவிட்டு டைஎலக்ட்ரிக் க்ரீஸ் லேசா தடவுங்க, க்ரீஸ்னதும் செயினுக்கு போடுறத எடுத்து அப்பிடாதீங்க. ஃபியூஸ் பாக்ஸ் மூடில ஒரு ரப்பர் இருக்கும் அது காணாம போயிருக்கான்னு பாருங்க. வாட்டர் வாஷ் பண்ற பசங்க சீட்ட கழட்டி உள்ள வரைக்கும் தண்ணி பீச்சுற கன் வச்சு அடிப்பாங்க, களிம்புக்கு பாதி காரணம் அதான், சாரல் மட்டும் இல்ல.

பழைய கார்புரேட்டர்:

ஒரு வயருக்கு பன்னெண்டாயிரம் கேட்டாரா?

டெஸ்ட்லேம்ப்:

அண்ணே அவர குத்தம் சொல்லாதீங்க. 2006லயே ஹீரோ ஹோண்டா கிளாமர்ல எஃப்ஐ வந்தாலும் சின்ன ஊருல அந்த வண்டிய எத்தனை பேரு பாத்திருப்பாங்க, 2020 ஏப்ரல் 1ல இருந்து பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு தான் வர்ற புது வண்டி ஏறக்குறைய எல்லாம் எஃப்ஐ ஆச்சு, ட்ரெய்னிங் எல்லாம் சர்வீஸ் சென்டர் பசங்களுக்கு தான் குடுக்குறாங்க, தெருப் பட்டறைக்கு யாரு வந்து சொல்லித் தர்றா. ஆனா ஒண்ணு, ஈசியூ ஆர்டர் போட்டிருந்தா அந்தக் காசு திரும்பாது, எலக்ட்ரிக்கல் பார்ட்ஸ பெரும்பாலான கடைல ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க. புது ஈசியூ மாட்டியும் எடுத்திருக்காது. அப்புறம் பம்ப மாத்து, வயரிங் கிட் மாத்துன்னு போயிட்டே இருந்திருக்கும். இந்த மாதிரி பாதி பார்ட்ஸ் மாத்துன வண்டிங்க தான் எங்ககிட்ட வரும், அதுல ஒரிஜினல் கோளாறு எது, மாத்துனதுல வந்த கோளாறு எதுன்னு பிரிக்கிறதுக்குள்ள தாவு தீந்துடும்.

சாரல்காத்து:

வண்டி எடுத்துருச்சு அண்ணா!!! டெர்மினல் சங்கரன்கோவில் போன ஃப்ரெண்டு வாங்கிட்டு வந்தான். மாட்டிட்டு சாவி போட்டதும் மஞ்ச லைட் எரிஞ்சுது, ஙொய்ங்னு சத்தம் வந்துச்சு, அந்த சத்தம் கேட்டதுக்கே அண்ணாச்சி கை தட்டிட்டாரு. பட்டன தொட்ட உடனே பிடிச்சிருச்சு.

ஆனா இப்ப ஒரு சின்ன விஷயம், என்ஜின் ஓடும்போதும் மஞ்ச லைட் அணைய மாட்டேங்குது. ஐடில் ஒரே மாதிரி நிக்காம ஏறி ஏறி இறங்குது. ஓட்டுனா ஓடுது. இதுக்கு என்ன?

டெஸ்ட்லேம்ப்:

சந்தோசம் தம்பி. த்ராட்டில் பாடி பக்கம் கப்ளர் கழட்டி ஊதி மாட்டுனாருன்னு மொதல்லயே எழுதியிருந்தீங்க, அங்க போயி பாருங்க. ஒவ்வொண்ணா அமுக்குங்க, லாக் க்ளிக்னு விழணும். ஏதாவது ஒண்ணு பாதி மாட்டி நிக்கும், இல்ல உள்ள பின்னு மடங்கி இருக்கும். ஏர் டெம்பரேச்சர் சென்சாரோ மேப் சென்சாரோ (காத்து அழுத்தத்த பாக்குறது) கழண்டு இருந்தா ஈசியூ தோராயமா ஒரு கணக்க வச்சு ஓட்டும், அதான் ஐடில் ஆடுது.

சரியா மாட்டுன பிறகும் லைட் உடனே அணையாம போகலாம், பயப்படாதீங்க, கோளாறு போனத ஈசியூ சில தடவ ஸ்டார்ட் பண்ணி ஓட்டி உறுதி பண்ணிட்டு தான் லைட்ட அணைக்கும். எரர் கோடு (என்ன கோளாறுன்னு சொல்ற நம்பர்) உள்ள மெமரில கெடக்கும், ஸ்கேனர் வச்சிருக்குறவங்ககிட்ட போனா என்ன கோடுன்னு பாத்து அழிச்சிடுவாங்க. பேட்டரிய கழட்டி மாட்டுனா கோடு போயிடும்னு சிலர் சொல்லுவாங்க, நிறைய வண்டில போகாது.

இன்னொண்ணு, என்ஜின் ஓடும்போது பேட்டரில வோல்டேஜ் பாத்துருங்க, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுத்து வச்சா 13.8ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும். 15 தாண்டுனா ரெகுலேட்டர உடனே மாத்துங்க, அப்பதான் நிஜமாவே பன்னெண்டாயிரம் செலவு வரும்.

சாரல்காத்து:

நீங்க சொன்ன மாதிரியே ஒரு கப்ளர் பாதில நின்னுச்சு அண்ணா, அமுக்குனதும் க்ளிக்னு விழுந்துச்சு, ஐடில் உடனே நின்னுருச்சு. லைட் இன்னும் எரியுது, ஓட்டிப் பாக்குறேன். சார்ஜிங் 14.1. அண்ணாச்சி கூலியா நூத்தம்பது ரூவா தான் வாங்குனாரு, அந்த பல்ப வயரோட பட்டறைல ஆணில மாட்டி வச்சுட்டாரு.

ஈசிஆர் பறவை:

எனக்கும் அப்டேட் இருக்கு. சூட்டுல எடுக்காதப்போ பாத்தேன், பம்ப் சத்தம் வருது, லைட் எரியுது, செல்ஃப் சுத்தும்போது ஆர்பிஎம் ஜீரோலயே நிக்குது. காலைல அதே வண்டில 300 கிட்ட காட்டுச்சு. சென்சார் தனியா கிடைக்குமா, இல்ல மேக்னெட் காயில் செட்டோட சேத்து தான் வாங்கணுமா? கடைல செட்டா தான் வரும்னு சொல்றாங்க.

டெஸ்ட்லேம்ப்:

வண்டிய பொறுத்து ரெண்டு மாதிரியும் வரும். நிறைய மாடல்ல ஸ்டேட்டர் காயிலும் பிக்கப்பும் ஒரே கப்ளர்ல சேந்து செட்டா தான் தருவாங்க. வாங்குறதுக்கு முன்னாடி சூட்டுல கப்ளர கழட்டி ஒரு தடவ ஓம்ஸ் பாத்துருங்க, கோளாறு சென்சார்லயா கப்ளர்லயான்னு அப்பதான் தெரியும். ஈசிஆர் உப்புக்காத்துக்கு அந்த கப்ளர்லயும் பச்சை புடிச்சிருக்க வாய்ப்பு இருக்கு. கவர கழட்டுனா கேஸ்கெட் புதுசு வாங்கி வச்சுக்கோங்க, ஆயில் கொஞ்சம் கொட்டும், வண்டிய சைடு ஸ்டாண்டுல சாச்சு வச்சா ஆயில் இடது பக்கம் வந்து நிக்கும், மேக்னெட் கவர் அந்தப் பக்கம் இருந்தா நிறைய வழியும், சென்டர் ஸ்டாண்டு போட்டு கழட்டுங்க.